விடுதிப் பிள்ளையின் ஐந்து நிமிடம்: சின்னசேலத்து வகுப்பறையில் ஒரு கணக்கெடுப்பு

தமிழ்நாட்டுப் பாடநூலில் புள்ளியியல் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணுவது, பட விளக்கப்படம், பட்டை விளக்கப்படம் என்று ஆரம்பித்து, ஏழாம் வகுப்பில் சராசரி, முகடு, இடைநிலை அளவு, எட்டில் வட்ட விளக்கப்படம், பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் என்று படிப்படியாக ஏறுகிறது. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பொறுப்பில் உருவாகி 2018-19 கல்வியாண்டு முதல் வந்த புத்தகங்கள் இவை. வரிசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சிக் கணக்குகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எண்ணி முடித்த எண்களோடுதான் பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றன. ஒரு வகுப்பில் இத்தனை பேருக்குக் கிரிக்கெட் பிடிக்கும், இத்தனை பேருக்குக் கபடி பிடிக்கும், பட்டை வரைக. யார் போய்க் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், அன்று வராத பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

என் வாதம் இதுதான்: வகுப்பறைக் கணக்கெடுப்பின் உயிர் வரைபடத் தாளில் இல்லை. கேள்வியை எழுதும் இடத்தில் இருக்கிறது. அளவுகோல் வைத்துப் பட்டை வரைய ஒரு பாடவேளை போதும். ஒரு கேள்வியைச் சரியாக எழுத ஒரு மாதம் பிடிக்கலாம், அந்த மாதம் வீணும் அல்ல.

பள்ளிக்கூடம் என்பது விவரங்கள் குவியும் இடம். வருகைப் பதிவு, உயரம், எடை, ஆதார் எண், சத்துணவு சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஆசிரியர்கள் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த விவரம் முழுதும் மேலே போகிறது. யாரைப் பற்றி எடுத்தார்களோ அந்தப் பிள்ளையின் கைக்கு அது ஒரு படமாகக்கூடத் திரும்பி வருவதில்லை. எண்ணப்படுகிறவராகவே இருக்கும் பிள்ளை எண்ணுகிறவராக ஆவதற்குப் பாடத்திட்டத்தில் இருக்கும் ஒரே வாசல் இந்தப் புள்ளியியல் அத்தியாயம். அதைப் பயிற்சிக் கணக்கோடு மூடிவிடக் கூடாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்தில் ஒரு எட்டாம் வகுப்பை நினைத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலை, சேலம்–விருத்தாசலம் ரயில் பாதை இரண்டுமே தொடும் ஊர் இது. சுற்றிலும் மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, பருத்தி. வடமேற்கே கல்வராயன் மலை. சமவெளிக் கிராமங்களிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் பிள்ளைகள் வருகிறார்கள். மலைப்பிள்ளைகள் பலருக்கு மலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. கீழே இறங்கிப் படிக்கிறவர்கள் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பில் முதல் கணக்கெடுப்புக்கு மிகவும் இயல்பாக வரும் கேள்வி, 'பள்ளிக்கு வர உனக்கு எத்தனை நிமிடம் ஆகிறது?' என்பதுதான். எல்லாரும் பதில் சொல்லக்கூடிய கேள்வி, யாரையும் புண்படுத்தாது, எண்ணாகவே விடை வரும். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கேட்கிறார். விடுதியிலிருந்து வரும் மலைப்பிள்ளை எழுந்து, 'அஞ்சு நிமிஷம் சார்' என்கிறான். அவன் சொன்னதில் பொய் இல்லை, விடுதி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பதிலில், வகுப்பிலேயே வீட்டிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பிள்ளை மிக அருகில் இருக்கும் பிள்ளையாகப் பட்டை விளக்கப்படத்தில் ஏறிவிடுகிறான். பட்டை நேராக இருக்கும், அச்சுகள் சரியாக இருக்கும், மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். கல்வராயன் மலை மட்டும் அந்தப் படத்தில் இருக்காது.

எண்ணும்போது கைதவறி ஏற்பட்ட பிழை அல்ல இது. எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்யாமல் எண்ணத் தொடங்கியதால் வந்தது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டால் பாடம் அங்கேதான் தொடங்கும். 'நேற்று ராத்திரி நீ தூங்கின இடத்திலிருந்தா, உங்க அம்மா அப்பா இருக்கிற வீட்டிலிருந்தா?' என்று ஒரு பெண் கேட்டால் கேள்வி இரண்டாகப் பிரியும். இன்று காலை கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு நேரம் என்பது ஒன்று. கடைசியாக வீட்டிலிருந்து வந்தபோது எவ்வளவு நேரம், எத்தனை வண்டி மாறினாய் என்பது இன்னொன்று. அடுத்து நேரத்தை எங்கே தொடங்குவது என்று வரும். வீட்டுப் படி இறங்கியதிலிருந்தா, பஸ் ஏறியதிலிருந்தா? நிறுத்தத்தில் நின்ற நேரம் சேருமா? பஸ் வராத நாள் என்றால்? மழைக்காலத்தில் ஓடை பெருகினால்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 'வழக்கமாக வசிக்கும் இடம்' என்பதற்கு விதிமுறை எழுதி வைத்திருப்பதும் இதே சிக்கலுக்காகத்தான். எட்டாம் வகுப்பு வாதிட்டு வந்து சேரும் இடமும் தேசியக் கணக்கெடுப்பு வந்து சேர்ந்த இடமும் ஒன்றே.

இந்த வகை ஐயங்களை இந்தியாவில் மிக ஆழமாக யோசித்தவர் பி. சி. மகலனோபிஸ். 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு உருவானதற்கும் முக்கியக் காரணமானவர். வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை அளக்கும் வேலையில் அவர் ஒரு வழியைக் கையாண்டார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் கணக்கெடுக்கச் சொன்னார். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்தால், களத்தில் நடக்கும் தவறு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வகுப்பறையில் இதற்குச் செலவே இல்லை. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு குழு அமைத்து, அதே கேள்வியை அதே பிள்ளைகளிடம் இரண்டு வெவ்வேறு நாளில் கேட்கச் சொல்லலாம். திங்கட்கிழமை 'இருபது நிமிடம்' என்ற பிள்ளை வியாழக்கிழமை 'அரை மணி' என்பாள். ஏன் என்று கேட்டால், திங்கள் அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டார், வியாழன் நடந்து வந்தேன் என்பாள். ஒரு பிள்ளைக்கு ஒரு எண் என்று நினைத்தது போய், ஒரு பிள்ளைக்குள்ளேயே மாறும் எண்கள் இருக்கின்றன என்பது விளங்கும். இந்த மாறுபாட்டைப் பாடநூல் பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் என்ற சூத்திரமாகக் கொடுக்கிறது. எட்டாம் வகுப்பில் அது அனுபவமாக முன்பே வந்திருந்தால் சூத்திரம் மனப்பாடமாக நிற்காது.

சராசரிக்கு வருவோம். கணக்குக்காக ஒரு பத்துப் பேரை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு வர அவர்களுக்கு ஆகும் நிமிடங்கள் 5, 5, 10, 10, 10, 15, 15, 20, 50, 60. கூட்டினால் 200, சராசரி 20 நிமிடம். இப்போது அந்த வரிசையைத் திரும்பப் பாருங்கள். இருபது நிமிடத்தில் வருகிறவர் ஒரே ஒருவர். ஏழு பேர் அதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். இரண்டு பேர் அதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு நேரம் வழியில் இருக்கிறார்கள். இடைநிலை அளவு 12.5, முகடு 10. வகுப்பில் நடுவில் நிற்கும் பிள்ளை யார் என்று கேட்டால் இடைநிலை அளவு நல்ல விடை. பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி மனு எழுத வேண்டுமென்றால் மூன்றுமே உதவாது. 50, 60 என்ற அந்த இரண்டு எண்களை அப்படியே எழுதிக் காட்ட வேண்டும். எந்த அளவைப் பயன்படுத்துவது என்பது எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று இந்தப் பத்து எண்களே சொல்லிக்கொடுக்கின்றன. 'சராசரி காண்க' என்று மட்டும் கேட்கும் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

வரைபடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பட்டை விளக்கப்படத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர், 1786இல். வட்ட விளக்கப்படமும் அவருடையதுதான், 1801இல். கிரிமியப் போரில் படைவீரர்கள் காயத்தைவிடத் தொற்றுநோயால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதை 1858இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் வண்ண ஆரைகளில் வரைந்து காட்டியபோது, படம் என்பது அதிகாரத்திலிருப்போரிடம் பேசும் மொழியாகவும் ஆயிற்று. வகுப்பறையில் விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆளுக்கொரு புளியங்கொட்டையோ மக்காச்சோள மணியோ கொண்டுவந்து தன் கட்டத்தில் வைக்கட்டும். கொட்டை ஒன்றுக்கு ஆள் ஒன்று என்பதால், பட்டையின் உயரம் என்றால் மனிதர்கள் என்பது மறக்காது. செங்குத்து அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் நடுவில் வெட்டினால் சின்ன வேறுபாடு பெரிதாகத் தெரியும் என்பதை, எல்லாப் பட்டைகளின் அடியிலும் ஒரே அளவு கொட்டைகளை ஒரு துணியால் மூடிக் காட்டலாம். செய்தித்தாளில் வரும் தேர்தல் கருத்துக்கணிப்புப் படங்களை அதன்பின் அவர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

மாணவர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கணக்கெடுப்பது இங்கே புதிதல்ல. இந்த மண்ணிலேயே நூறாண்டு தாண்டிய முன்மாதிரி இருக்கிறது, பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு அது எட்டாமல் இருப்பதுதான் வருத்தம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நூலில் இல்லாத இந்தியாவை எப்படிப் பாடம் நடத்துவது என்ற சிக்கலுக்கு அவர் கண்ட வழி, மாணவர்களையே விவரம் சேகரிக்க அனுப்புவது. 1916இல் கேள்விகளை அச்சடித்துக் கொடுத்து, அவரவருக்குப் பழக்கமான கிராமத்துக்குப் போய் நிலம், மக்கள், தொழில், கடன், கூலி எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சையில் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டில் தூசி, தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு என்று மாணவர்கள் எழுதியவற்றைத் தொகுத்து 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வெளியிட்டார்.

இருவேல்பட்டு இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று கள்ளக்குறிச்சியும் அதே தென்னார்க்காடு மாவட்டம்தான். அந்த ஒரு கிராமத்தின் கதை எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பளிப்பது. 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களுக்கு மறுபடி போனார்கள். அறுபதுகளில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் போய் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி உறவுகள் எப்படி மாறின என்று ஏறத்தாழ நூறு வருடத்துக்கு ஒரு கிராமத்தை அடியொற்றிப் பேச முடிகிறது. அதற்கு முதல் கல் வைத்தது பெரிய ஆராய்ச்சிக் குழு அல்ல, விடுமுறையில் ஊருக்குப் போன கல்லூரி மாணவர்கள். அவர்கள் எழுதியதில் பிழைகள் இருந்திருக்கும். ஆனால் கேள்விகள் அச்சில் இருந்தன, ஆண்டு இருந்தது, ஊர்ப்பெயர் இருந்தது. அதனால் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் நிற்க முடிந்தது.

சின்னசேலத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்துகிறது என்று சொல்கிறேன். தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. கடைசியாக முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்ததோ 2011இல். ஆகவே 'கள்ளக்குறிச்சி மாவட்டம், 2011' என்று ஓர் எண்ணைத் தேடும் மாணவி, விழுப்புரம் மாவட்டத்து வட்டங்களின் கணக்கிலிருந்து அதைக் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். வட்ட எல்லைகளும் இடையில் மாறியிருக்கின்றன. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. இன்று எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் 2011 எண்களுக்குள் இல்லவே இல்லை, அதற்குப் பிறகு பிறந்தவர்கள். தம் ஊரைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் எந்த மக்கள்தொகை எண்ணிலும் தாங்கள் சேரவில்லை என்று அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். கணக்கெடுப்பில் உண்மையான ஆர்வம் அந்த இடத்தில் வரும். வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளர்களில் பெரும்பங்கினர் பள்ளி ஆசிரியர்களே என்பதால், களத்தில் என்ன நடக்கும் என்று நேரில் சொல்லக்கூடியவர் வகுப்பிலேயே நிற்கிறார்.

மலைக்கு இந்த வரலாறு இன்னும் நெருக்கம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நில உரிமைக்காரர்களின் பிடியில் இருந்தது. மற்ற இடங்களில் நிலம் அளந்து, பேர் எழுதி, பட்டா கொடுத்து அரசு மக்களை அறிந்துகொண்ட காலத்தில், மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடி மக்கள் ஜாகீருக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மக்கள் கூட்டம் ஏட்டில் ஏறத் தாமதமானால் சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே தாமதமாகும். விடுதிப் பிள்ளையின் 'அஞ்சு நிமிஷ'த்தை நான் சின்ன விஷயமாக எண்ணாததற்குக் காரணம் இதுதான்.

எதைக் கேட்கக் கூடாது என்பதும் பாடம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மாவட்டத்து வகுப்பறை ஒன்றில், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு என்றாலும், 'உங்கள் வீட்டில் யாராவது குடிப்பார்களா?' என்று கைதூக்கச் சொல்லிக் கேட்பது கொடுமை. சாதி, அப்பாவின் வருமானம், கடன், வீட்டில் கழிப்பறை உண்டா என்பதும் அப்படித்தான். ஸ்லேட்டரின் மாணவர்கள் கடனைக் கேட்டார்கள், ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், கேட்டது வகுப்புத் தோழனிடம் அல்ல. பதின்மூன்று வயதில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் தெரிந்துகொண்ட ஒன்று மறுநாள் பட்டப்பெயராக மாறும்.

நடுவில் நிற்கும் கேள்விகளும் உண்டு. 'இன்று காலை என்ன சாப்பிட்டாய்?' என்பது அப்படி ஒன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, அது ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஆறாம் வகுப்பு ஏறியதும் அந்தத் தட்டு நின்றுவிடுகிறது. எத்தனை பேர் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியவேண்டிய விவரம்தான். ஆனால் எழுந்து நின்று சொல்லவைத்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், சொல்லவேண்டியதும் இல்லை. பெயர் எழுதாத சீட்டு, எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம், மூடிய டப்பாவில் போடட்டும். எழுத விருப்பமில்லாதவர் வெற்றுச் சீட்டைப் போடலாம், வெற்றுச் சீட்டுகளையும் எண்ணி அதற்கும் ஒரு பட்டை வரையவேண்டும். பதில் சொல்லாதவர்களுக்குப் பட்டை வரைந்த படத்தை நான் பெரிதும் நம்புவேன். மிகச் சிறிய வகுப்பாக இருந்தால் இந்தக் கேள்வியே வேண்டாம், கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவற்றைச் செய்ய ஏற்கெனவே பாதைகள் உள்ளன. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, விவரம் திரட்டி, ஆய்வறிக்கை எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அதைக் கிராமப் பள்ளிகள் வரை கொண்டுபோனதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பங்கு பெரிது. ஓடைநீர், பயிர்ப்பூச்சி, குப்பை என்று பிள்ளைகள் உண்மையாகவே நடந்து திரிந்து எழுதுகிறார்கள். ஆனால் மாநாடு என்பதால் ஒரு பள்ளியிலிருந்து சில பிள்ளைகளே போகமுடியும், பெரும்பாலும் நன்றாகப் படிக்கும், நன்றாகப் பேசும் பிள்ளைகள். பின் பெஞ்சு எண்ணுவதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு, மறுவருடம் வரவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். உயரம், கையை விரித்தால் எவ்வளவு நீளம், பள்ளிக்கு எப்படி வருகிறாய் போன்ற கேள்விகள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா எனப் பல நாடுகளுக்கு அது பரவியது. அதில் எனக்குப் பிடித்தது, வகுப்பிலுள்ள எல்லாரும் எண்ணவும் எண்ணப்படவும் செய்கிறார்கள் என்பது. நம் ஊரில் 2027 கணக்கெடுப்பு நடக்கும் பருவம் இதற்கு மிகப் பொருத்தமான காலம். கள்ளக்குறிச்சி மாவட்டத்து எட்டாம் வகுப்புகள் எல்லாம் ஒரே பத்துக் கேள்வியை ஒரே வாரத்தில் கேட்டால், மலைமேலுள்ள வெள்ளிமலைக்கும் சின்னசேலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே படம் வரைந்து பேச முடியும்.

விடைகளை எங்கே கொண்டுபோவது என்பது கடைசி வேலை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. வழியில் ஐம்பது நிமிடம் ஆகும் பிள்ளைகளின் படம் முதலில் அந்தக் கூட்டத்தில், பிள்ளைகள் வாயாலேயே விளக்கப்பட வேண்டும். சுற்றுக் கிராமங்களில் கிராம சபை உண்டு. பேரூராட்சிக்கு உட்பட்ட இடங்களில் பகுதி சபை உண்டு. பஸ் நேரம், பாலம், தெருவிளக்கு என்று அங்கே பேசக்கூடியவை இவை. தனிப்பட்ட பிள்ளை யாரென்று தெரியும் எந்தத் தாளும் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது.

படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால், அடுத்த வெள்ளையடிப்பில் அது போய்விடும். ஒரு நீளப் பதிவேடு வாங்கி, கேள்வியின் சரியான வாசகம், கேட்ட தேதி, வகுப்பில் அன்று இருந்தவர் எத்தனை, இல்லாதவர் எத்தனை, 'கிளம்பிய இடம்' என்பதற்கு அந்த வகுப்பு வைத்துக்கொண்ட விதி என்ன என்பதை எழுதி, எண்ணிய அட்டவணையையும் சேர்த்து நூலகப் பீரோவில் வைக்கவேண்டும். கணக்கு ஆசிரியர் மாறுதலில் போனாலும் பதிவேடு போகாது. அடுத்த ஜூலையில் அடுத்த எட்டாம் வகுப்பு அதே வாசகத்தில் அதே கேள்வியைக் கேட்கட்டும், வாசகத்தில் ஒரு சொல்லை மாற்ற நினைத்தால் ஏன் மாற்றினோம் என்று அடுத்த பக்கத்தில் எழுதிவிட்டு மாற்றட்டும்.